சுழியம் எனக் கொள்க

இதில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வெயில் உச்சிக்கு வந்த ஒரு நாளில் மின்சாரம் போனது என்பது நிச்சயம். அக்கா இலைகளைப் பையில் போட்டு அனுப்பியது மறுநாளா, அதற்கும் அடுத்த நாளா என்பதில்தான் சந்தேகம். அக்கா ஒன்று சொல்கிறாள். அத்தான் வேறொன்று சொல்கிறார். தங்கையோ கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு, நீண்ட நேரம் சுவரைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். மூன்று பேரிடமிருந்தும் கிடைத்ததைச் சேர்த்து, கிடைக்காத இடத்தை நானே ஒட்டுப் போட்டிருக்கிறேன். தையல் வெளியே தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தான் என்பது அக்காவின் கணவர். தங்கை அவரை அப்படித்தான் கூப்பிடுவாள் என்பதால் இங்கேயும் அதுவே இருக்கட்டும். அவரும் அக்காவும் நாற்றுப்பண்ணை வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு நீளமான பசுமைக்குடில், உள்ளே இடுப்பு உயரத்தில் வரிசையாக மேடைகள், மேடைகள் மேல் குழித்தட்டுகள், குழிக்கு ஒன்றாகக் குடைமிளகாய் நாற்றுகள். விதை போட்டு, முளைக்க வைத்து, நான்கைந்து இலை விட்டதும் தோட்டக்காரர்களிடம் கொடுப்பதுதான் தொழில். அக்காவுக்கு அந்தக் குடில்தான் வீடு. வீட்டுக்குத் தூங்க மட்டும் போய்வந்தாள்.

தங்கை கணக்குப் படித்தவள். தாவர ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் மாடி அறையில் வேலை. செடிகளைப் பற்றித்தான் வேலை என்றாலும் தன் கையால் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றியதாக யாரும் பார்த்ததில்லை. அவள் மேசையில் இருந்த ஒரே பச்சை நிறம் நாற்காலியின் மெத்தை. பேச்சு என்றால் அளந்து எடுத்து, அளந்ததிலும் பாதியைத் திரும்ப உள்ளே வைத்துவிடுபவள். தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டால் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு யோசிப்பாள். “லைன்ல இருக்கியா, தவத்துல இருக்கியா?” என்று அத்தான் கேட்பார். மௌனச்சாமி என்று பெயர் வைத்ததும் அவர்தான். நிச்சயமாகத் தெரியாத எதையும் வாயால் சொல்லக்கூடாது என்பது அவளுடைய பிடிவாதம். அதனால் அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது நடந்து முடிந்துவிட்டது போலவே வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

அவள் செய்துகொண்டிருந்த வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். இலை வெளிச்சத்தை வாங்கிச் சாப்பாடு சமைக்கிறது என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்ததுதான். வாங்கிய வெளிச்சம் எல்லாவற்றையும் அதனால் செலவழிக்க முடிவதில்லை. மிஞ்சியதில் ஒரு துளியை, கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கிய சிவப்பு ஒளியாகத் திருப்பித் தந்துவிடுகிறது. பச்சையத்தின் ஒளிர்வு என்று அதற்குப் பெயர். இலையைக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்திருந்து, பளீரென்று விளக்கைப் போட்டால் அந்தச் சிவப்பு கண் இமைக்கும் நேரத்தில் படிப்படியாக ஏறி உச்சிக்குப் போகும். அந்த ஏற்றத்தின் வடிவத்தைப் பார்த்து இலைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வதுதான் தங்கையின் சமன்பாடுகளுக்கு வேலை.

அத்தானுக்கு ஒருமுறை அவள் இதைக் கட்டட வேலையை வைத்து விளக்கியிருந்தாள். செங்கல்லைக் கைமாற்றி மேலே அனுப்ப ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். வெளிச்சம் கீழேயிருந்து செங்கல்லை வீசுகிறது. கை காலியாக இருப்பவர் பிடித்து அடுத்தவருக்குத் தருகிறார். எல்லோர் கையும் நிறைந்துவிட்டால் அடுத்து வரும் செங்கல் தரையில் விழுகிறது. விழும் சத்தம்தான் அந்தச் சிவப்பு ஒளிர்வு. வரிசையில் நிறையப் பேர் இருந்தால் சத்தம் மெதுவாகக் கூடும். ஆள் குறைந்திருந்தால் எடுத்தவுடனேயே சடசடவென்று விழும். சூட்டில் அடிபட்ட இலையில் ஆள் குறைந்திருக்கும். வெளியே பார்த்தால் பச்சைப்பசேல் என்று இருக்கலாம், ஆனால் உள்ளே வரிசை காலி.

“அப்ப நீ இலையோட கூலிக்கணக்கு எழுதுற மேஸ்திரி,” என்றார் அத்தான். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றாள்.

மின்சாரம் போன அன்று அக்காவும் அத்தானும் குடிலில் இல்லை. அக்காவுக்குக் கண்ணில் ஏதோ உறுத்தல் என்று மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தார்கள். விசிறிகள் நின்றுவிட்டன. கதவுகள் சாத்தியிருந்தன. திரும்பி வந்து திறந்தபோது உள்ளேயிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது என்று அக்கா சொல்வாள். நாற்றுகள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. கதவைத் திறந்து, தண்ணீர் தெளித்து, பொழுது சாயும்போது அவை ஒவ்வொன்றாக நிமிர்ந்துவிட்டன. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

அத்தானைப் பயமுறுத்தியது அதுதான். முன்னொரு பருவத்தில் இப்படித்தான் சூடு பட்டு நிமிர்ந்த நாற்றுகளை அவர் நல்லவை என்று நம்பிக் கொடுத்துவிட்டார். நட்ட இடத்தில் அவை சாகவும் இல்லை, வளரவும் இல்லை. வாங்கியவர்கள் வந்து வாசலில் நின்றார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாமும் ஏதாவது பேசியிருக்கலாம், அப்படியே பார்த்துக்கொண்டு நின்றதுதான் தாங்க முடியவில்லை என்று அவர் பிற்பாடு சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று முதல், தங்கை பார்த்துச் சரி என்று சொல்லாமல் சந்தேகப்பட்ட ஒரு தட்டைக்கூட வெளியே அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

ஆகவே அக்கா எல்லா மேடைகளிலிருந்தும் இலைகளைப் பறித்து, மேடைவாரியாகப் பைகளில் போட்டு, கறுப்புத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினாள். வழக்கமாகக் கூடத்திலிருந்து ஆள் போய், ஈரத்துணி விரித்த தட்டில் இலைகளை எடுத்துவருவார்கள். அன்று அவசரம்.

கூடத்தில் ஒளிர்வை அளக்கும் கருவியைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் விளக்கண்ணன் என்றே கூப்பிட்டார்கள். கீழ்த்தளத்தில் சன்னல் அடைத்த ஓர் இருட்டறையில், ஒரு மங்கிய பச்சை விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்பவர். வெளிச்சத்துக்கு வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அப்போதுதான் பிறந்தவர் போல நிற்பார். இலைகள் விஷயத்தில் கறார். அன்று வந்த பைகளைப் பார்த்து அவருக்கு மகிழ்ச்சி. மெல்லிய, கண்ணாடி போன்ற பைகள். இலை வாடாமல், ஒட்டியது போல உள்ளே இருந்தது. பையைப் பிரித்தால் ஈரம் போகும், இலை வாடும் என்று நினைத்து, பையோடு சேர்த்தே கருவியில் பொருத்தி அளந்துவிட்டார். அளவு தெளிவாக வந்தது. அளந்ததை மாடிக்கு அனுப்பினார்.

தங்கை தன் சமன்பாடுகளில் அவற்றைப் போட்டாள். எல்லா வளைகோடுகளும் எடுத்தவுடனேயே உச்சிக்குப் பாய்ந்தன. படிகளே இல்லை. சமன்பாடுகள் தயங்காமல் விடை சொல்லின: வரிசையில் பெரும்பாலான ஆட்கள் இல்லை. கோடும் விடையும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. அவள் மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே விடை.

அத்தானைக் கூப்பிட்டாள். அவர் எடுத்ததும், வழக்கமான மௌனம்கூட இல்லாமல், “தேறாது அத்தான். எல்லா மேடையும்,” என்றாள்.

அந்தப் பக்கம்தான் அன்று மௌனமாக இருந்தது. அப்புறம், சரிம்மா என்றார். நாளைக்குக் காலையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தோட்டக்காரர்களுக்கு மத்தியானத்துக்குள் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பருவம் குறுகியது. சீக்கிரம் சொன்னால்தான் அவர்கள் வேறு இடத்தில் நாற்று தேட முடியும். அக்கா என்ன சொன்னாள் என்று தங்கை கேட்டதற்கு, குடிலுக்குள் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னார்.

அன்று தங்கை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் கையை அப்படியே தட்டில் வைத்துக்கொண்டு இருந்தாள். துக்கம் ஒரு பக்கம். அதோடு வேறொன்றும் பல்லிடுக்கில் நார் போல உறுத்தியது. எல்லா மேடையும் என்று தான் சொன்ன சொல்தான் அது.

குடிலின் ஒரு கோடியில் கதவு. கதவுக்குக் கீழே எப்போதும் ஒரு சந்து உண்டு, காற்று நுழையும். மறுகோடியில் விசிறிகள். விசிறி நின்றால் அந்த மூலைதான் அடுப்பு. சூடு எங்கும் ஒரே அளவாக இருந்திருக்க முடியாது. கதவோரத்து நாற்று கொஞ்சம் தப்பியிருக்க வேண்டும், மூலையில் இருந்தது அதிகம் அடிபட்டிருக்க வேண்டும். ஆனால் வளைகோடுகள் அவளுக்கு ஒரே கதையைத்தான் சொல்லியிருந்தன. கதவோரமும் மூலையும் இரட்டைப் பிள்ளைகள் போல. அடி எங்காவது இப்படிச் சமமாகப் பங்கு போட்டு விழுமா?

கோடும் விடையும் அத்தனை அழகாகப் பொருந்தியபோது வந்த திருப்தியை அவள் இப்போது சந்தேகத்தோடு நினைத்துப் பார்த்தாள். பொருந்துவது வேறு, உண்மையாக இருப்பது வேறு என்று மாணவர்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். தனக்கு அதைச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டாள்.

காலையில் அத்தானைத் தொலைபேசியில் அழைத்தாள். எடுக்கவில்லை. வேலை செய்யும்போது அவர் அதைத் தண்ணீர் படாத இடத்தில் வைத்துவிட்டு, வைத்த இடத்தையும் மறந்துவிடுபவர். அக்காவும் எடுக்கவில்லை. பேருந்து பிடித்துக் கிளம்பினாள். வழி முழுக்கத் தான் போய் என்ன சொல்லப்போகிறோம் என்று யோசித்தாள். கையில் இருந்தது ஒரு சந்தேகம் மட்டும். சந்தேகத்தை வைத்துக்கொண்டு அவள் இதுவரை வாய் திறந்ததே இல்லை.

குடிலின் வாசலில் இறங்கியபோதே கொட்டிய மண்ணின் ஈரவாசனை வந்தது. அத்தான் கதவோரத்திலிருந்து ஆரம்பித்திருந்தார். முதல் மேடைகள் வெறுமையாக இருந்தன. தட்டைக் கவிழ்த்து, அடியில் தட்டி, நாற்றுகள் வேரும் மண்ணுமாக வண்டியில் விழ, காலித்தட்டை ஒருபக்கம் அடுக்கிக்கொண்டிருந்தார். பச்சைக் குவியல் ஒன்று வெளியே வெயிலில் கிடந்தது. அக்கா உள்ளே கடைசி மேடைக்கு அருகே, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், கொட்டப்போகிற நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்துங்க அத்தான்,” என்றாள் தங்கை.

அவர் கையில் இருந்த தட்டோடு திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. ஏன் என்று கேட்டார். அவள் எல்லாம் ஒரே மாதிரி கெட்டிருப்பதாகச் சொன்னாள். கெட்டது கெட்டதுதானே, அதில் ஒரே மாதிரி என்ன, வேறு மாதிரி என்ன என்றார் அவர். அவளுக்குப் பதில் வரவில்லை. அத்தான் காத்திருந்தார். பிறகு தட்டைக் கவிழ்க்கத் தயாரானார்.

“எனக்கு நிச்சயமாத் தெரியல,” என்றாள் அவள் அவசரமாக. “ஆனா கொட்டாதீங்க. மத்தியானம் வரைக்கும்.”

“நேத்து தேறாதுன்னியே. அப்ப நிச்சயமாத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு.”

அவள் நிச்சயம் இல்லாமல் பேசி அவர் கேட்டது அதுதான் முதல்முறை. அதனாலேயே அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும், நம்பிக்கையும் வந்திருக்க வேண்டும். தட்டை மேடைமேல் திரும்ப வைத்தார். தோட்டக்காரர்களுக்கு இன்னும் சொல்லவில்லை, மத்தியானம் சொல்லியே ஆகவேண்டும், அதற்குமேல் ஒரு நிமிடம்கூட அவர்களைக் காக்க வைக்கமாட்டேன் என்றார்.

தங்கை அக்காவிடம் போய், புதிதாகக் கொஞ்சம் இலை வேண்டும் என்றாள். கதவோரத்து மேடையில் மிச்சம் இருப்பதில் கொஞ்சம், மூலையில் கொஞ்சம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பறித்தாள். விதை போட்டு வைக்கும் பைகள் அலமாரியில் இருந்தன. ஒன்றை எடுத்து, உள்ளே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, இலைகளை வைத்தாள். பிறகு பையை மேசைமேல் படுக்கவைத்து, உள்ளங்கையால் அடியிலிருந்து மேல்நோக்கி நீவினாள். காற்று புஸ்ஸென்று வெளியேறியது. பை இலையோடு ஒட்டிக்கொண்டது. வாயை அழுத்தி மூடினாள். குளிர்பெட்டியில் கீரை வைக்கிறவர்கள் செய்வதுதான். அவள் அதைப் பார்க்காமலேயே செய்தாள், கண் குவியலின் பக்கம் இருந்தது.

தங்கை அந்தப் பையைக் கையில் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். அத்தான் வந்து பக்கத்தில் நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

“சாமி மலையேறிடுச்சு,” என்றார் அவர் அக்காவிடம் மெல்ல. ஆனால் சிரிக்கவில்லை.

“அக்கா, அன்னிக்கும் இப்படித்தான் காத்தை எடுத்துட்டு அனுப்பினியா?”

“பின்ன? காத்து இருந்தா வாடிடாதா?” என்றாள் அக்கா.

தங்கை அருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இருட்டில் இருக்கும் இலைக்குச் செங்கல் வீச யாரும் இல்லை. ஆகவே எல்லோர் கையும் காலி. அவளுடைய சமன்பாடுகள் அங்கிருந்துதான் புறப்பட்டன. பல வருடங்களுக்கு முன் முதல் பக்கத்தில் முதல் வரியாக அவளே எழுதியது: விளக்கு போடும் நொடியில் நிறைந்த கைகளின் அளவு சுழியம் எனக் கொள்க. அதற்குப் பிறகு எத்தனையோ வரிகளை மாற்றியிருக்கிறாள். அந்த வரியை மட்டும் யாரும் தொடவில்லை. வாசற்படியை யார் சந்தேகப்படுவார்கள்?

இருட்டிலும் இலை உயிரோடுதான் இருக்கிறது. சேர்த்துவைத்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கிறது, மூச்சு விடுகிறது. அந்த எரிப்பிலிருந்தும் ஒன்றிரண்டு செங்கல் வரிசைக்குள் வரும். வந்ததைக் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும், அதனால் கை மறுபடி காலியாகிவிடும். காற்று இருக்கும்வரை சுழியம் என்பது பொய் இல்லை. காற்றே இல்லாத பைக்குள், கறுப்புத் துணிக்குள், அத்தனை நேரம் அடைபட்ட இலையில் வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. கைகள் நிறைந்து அப்படியே நின்றிருக்கும். விளக்கு போட்டவுடன் முதல் செங்கல்லே தரையில் விழுந்திருக்கும். வெளியிலிருந்து கேட்பவளுக்கு ஆள் இல்லாத வரிசைக்கும் கை நிறைந்த வரிசைக்கும் ஒரே சத்தம். சமன்பாட்டில் கை நிறைந்திருக்க இடமே கொடுக்காததால், அது ஆட்களைச் சாகடித்துக் கணக்கை நேர் செய்துவிட்டது.

பேசாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பது எதுவும் செய்யாமல் இருக்கிறது என்று தான் எப்படி நினைத்தோம் என்று தங்கைக்கு வெட்கமாக இருந்தது. வேறு யாராவது நினைத்திருந்தால் பரவாயில்லை.

“இலை வேண்டாம்க்கா,” என்று எழுந்தாள். “செடியாவே வேணும். தட்டோட. வண்டியை எடுங்க அத்தான்.”

கதவோரத்திலிருந்து ஒரு தட்டு, நடுவிலிருந்து ஒன்று, விசிறி மூலையிலிருந்து ஒன்று. அக்கா பின்பக்கம் தட்டுகளோடு உட்கார்ந்து, வளைவில் அவை சரியாமல் இருக்கக் கையால் அணைத்துக்கொண்டாள். வழியில் யாரும் பேசவில்லை. ஒரே ஒருமுறை அத்தான், பையில் காற்று இல்லையென்றால் செடி செத்துவிடாதா என்று கேட்டார். உடனே சாகாது, திணறும் என்றாள் தங்கை. அக்கா பின்னாலிருந்து அதைக் கேட்டுக்கொண்டாள்.

விளக்கண்ணன் தட்டுகளோடு மூன்று பேர் வந்து நிற்பதைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். தங்கை விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. பையோடு சேர்த்து அளந்ததை அவரே சொன்னார், அதுவும் தான் செய்த நல்ல காரியமாக நினைத்திருந்ததைச் சேர்த்துச் சொன்னார். அதைப் பற்றிப் பேச யாருக்கும் பொழுதில்லை. தட்டுகளை இருட்டறைக்குள் கொண்டுபோனார்கள். மேலே மூடாமல், கதவை மட்டும் சாத்தி, செடிகளைக் காற்றோட்டமாக இருட்டில் விட்டார்கள். பச்சை விளக்கின் மங்கலில் நான்கு பேரும் சுவரோரமாக நின்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பது போல இருந்தது என்று அக்கா சொல்வாள். அவளுக்கு உட்கார இடம் கொடுத்தும் உட்காரவில்லை.

முதலில் கதவோரத்துச் செடி. விளக்கண்ணன் இலையைச் செடியிலிருந்து பறிக்காமலேயே கருவியின் கவ்வியில் வைத்தார். விளக்கு ஒரு நொடி பளிச்சிட்டது. திரையில் கோடு ஏறியது. கொஞ்சம் ஏறி நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறி நின்றது. பிறகு உச்சிக்குப் போனது.

படிகள் இருந்தன.

தங்கை இப்போது பேசிவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதே இலையைத்தான் மறுபடி பார்க்க வேண்டும் என்று சைகை காட்டினாள். அக்கா கையோடு கொண்டுவந்திருந்த விதைப் பையை வாங்கி, செடியில் இருந்தபடியே அந்த இலையின்மேல் மாட்டி, காற்றை நீவி எடுத்து, காம்போரம் இறுக்கிக் கட்டினார்கள். மறுபடி காத்திருப்பு. இந்தமுறை நீண்ட காத்திருப்பு. அத்தான் சட்டைப்பையில் தொலைபேசியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் விளக்கு பளிச்சிட்டது. கோடு எடுத்தவுடனேயே செங்குத்தாகப் போய் உச்சியில் நின்றது. நேற்று அவளைத் தேறாது என்று சொல்லவைத்த அதே கோடு.

பையைப் பிரித்தார்கள். இலையை மூச்சு விடவிட்டார்கள். மூன்றாம் முறை விளக்கு பளிச்சிட்டபோது படிகள் திரும்பி வந்திருந்தன, ஒன்றும் நடக்காதது போல.

“நல்லாயிருக்கு,” என்றாள் தங்கை. குரல் உடைந்து பாதிதான் வந்தது. “இந்தச் செடி நல்லாயிருக்கு அத்தான்.”

அத்தான் தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் தலையாட்டினார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தோள் குலுங்க இருந்ததை, அந்த வழியாகப் போன ஒருவர் அழுகை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சிரிப்புதான் என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார். தண்ணீரை முழுக்கக் குடித்ததை மட்டும் ஒப்புக்கொள்கிறார்.

நடுத் தட்டும் தேறியது. விசிறி மூலையிலிருந்து வந்த தட்டில்தான் படிகள் சிதைந்திருந்தன. மூச்சுவிடவிட்டுப் பார்த்தும் அவை திரும்பவில்லை. அங்கே அடி உண்மையாகவே பட்டிருந்தது. அதைப் பார்த்தபோது தங்கைக்கு வருத்தத்தைவிட ஒரு விசித்திரமான ஆறுதல்தான் வந்தது. இப்போது இலைகள் வேறு வேறு கதை சொல்லத் தொடங்கியிருந்தன. சூடு எங்கே அடித்ததோ அங்கேதான் காயம். உலகம் மறுபடி மேடும் பள்ளமுமாக, நம்பும்படி ஆகிவிட்டது.

அக்கா இருட்டறையில் அந்தக் கதவோரத்துச் செடியின் பக்கத்திலேயே நின்றிருந்தாள். பையை மாட்டிய இலையை விரல் நுனியால் தடவினாள்.

“நான்தான் மூச்சை அடைச்சு அனுப்பியிருக்கேன்,” என்றாள்.

“உன் பை பண்ணின தப்பு இல்லக்கா. என் சுழியம் பண்ணினது,” என்றாள் தங்கை.

அக்காவுக்கு அது புரிந்ததா என்று தெரியாது. விளக்கண்ணன் நடுவில் புகுந்து, பையோடு அளந்தது யார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பங்கு பிரிக்கும்போது என்னை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்றார். அக்கா அப்போதுதான் சிரித்தாள். சிரித்த கையோடு தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, அப்பாடா என்றாள். மின்சாரம் போன நாளிலிருந்து அவள் எங்குமே சாய்ந்து உட்காரவில்லை என்பது தங்கைக்கு அப்போது உறைத்தது.

திரும்பும் வழியில் வண்டிக்குள் ஒரே பேச்சு. அத்தான் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே, நாற்று இருக்கிறது, வாங்க என்று தோட்டக்காரர்களுக்குச் சொல்லப் பார்த்தார். அக்கா தொலைபேசியைப் பிடுங்கித் தானே சொன்னாள். எல்லோருக்கும் ஒரே வாசகம்: கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனால் கொடுப்பது நல்லதாக இருக்கும். வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விட்டாள்.

குடிலுக்கு வந்ததும் மூன்று பேரும் முதலில் போய் நின்றது வெளியே கிடந்த குவியலுக்கு முன்னால்தான். கொட்டியது கதவோரத்து மேடைகள், அதாவது இருந்ததிலேயே நல்லவை. மூலையிலிருந்து ஆரம்பித்திருந்தால் தேறாதவை மட்டும் போயிருக்கும். அத்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சுறுசுறுப்பா இருக்கக்கூடாதுன்னு இதுக்குத்தான் சொல்றது,” என்றார். “மௌனச்சாமி மாதிரி ஒரு வேலையை ஆரம்பிக்க அரைநாள் யோசிக்கணும்.”

அக்கா ஏற்கெனவே குனிந்து குவியலைக் கிளறத் தொடங்கியிருந்தாள். வேரில் மண் ஒட்டியிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து மடியில் சேர்த்தாள். அத்தான் காலித்தட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தார். தங்கையும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரியாமல் இலையைப் பிடித்துத் தூக்கினாள். தண்டைப் பிடி என்று அக்கா சொன்னாள். அப்புறம் வேலை முடியும்வரை யாரும் பேசவில்லை. அது அவளுக்குப் பிடித்த மாதிரியான மௌனமாக இருந்தது. குவியலின் மேலே கிடந்தவை வெயிலில் துவண்டுபோயிருந்தன. அடியில் இருந்தவற்றில் கொஞ்சம் நின்றன.

அப்புறம் ஆனதைச் சொல்லிவிடுகிறேன். மிச்சமிருந்த நாற்றுகள் சொன்னபடி போய்ச் சேர்ந்தன, நட்ட இடங்களில் வளர்ந்து காய்த்தன. விசிறி மூலையில் இருந்தவற்றை அத்தான் கொட்டிவிட்டார். குவியலிலிருந்து எடுத்து வைத்ததில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை, பிழைத்தவற்றை அக்கா குடிலின் வெளியே வரிசையாக நட்டாள். மின்சாரம் போனாலும் ஓடும்படி இன்னோர் ஏற்பாட்டை அத்தான் விசிறிகளுக்குச் செய்தார். அக்காவின் கண் உறுத்தல் சொட்டு மருந்திலேயே சரியாகிவிட்டது. அவள் இலை அனுப்புவதை நிறுத்திவிட்டு, தட்டையே அனுப்புகிறாள். விளக்கண்ணன் ஓய்வு பெற்று, வெளிச்சமான ஒரு வீட்டில் மகளோடு இருக்கிறார். தங்கை முதல் வரியை மாற்றி, இருட்டில் இலை விடும் மூச்சுக்கு ஒரு சமன்பாடு சேர்த்து எழுதினாள். வேலை முடிய இரண்டு வருடம் பிடித்தது. இப்போதும் அதே மாடி அறையில்தான் இருக்கிறாள்.